கொட்டகைத் தெருவும் யூசுப் பாயின் சர்பத்தும்

நகராட்சியில் சுகாதார ஆய்வாளர்களாகப் புதிதாகச் சேர்ந்த இருவர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். சாப்பாட்டுக் கடைகளைச் சோதிப்பது பற்றிப் பேச்சு வந்தது. அவர்களில் ஒருவர், "நீங்க மொதமொதல்ல சீல் வெச்ச கடை எது சார்? ரொம்ப அழுக்கா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நான் பார்த்த கடைகள்லயே சுத்தமான கடை அதுதான் தம்பி" என்றேன்.

நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். மேற்கொண்டு சொல்ல அப்போது எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் போன பிறகு, எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பாலாற்றை ஒட்டி வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரைக்கும் தோல் பதனிடும் ஊர்கள் பல இருக்கின்றன. எங்களுடையது அவற்றில் ஒன்று. பெயர் வேண்டாம், இதில் வருகிற குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. சென்னையில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் படிப்பை முடித்துவிட்டு, சுதந்திரம் வந்த புதிதில் அந்த நகராட்சியில் சேர்ந்தேன். எலி, கொசு, அம்மைக் குத்தல், கக்கூஸ் என்று படித்தது நிறைய. ஒரு மனிதனிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது கொட்டகைத் தெரு. யுத்தக் காலத்தில் பட்டாளத்துப் பூட்ஸுக்குத் தோல் போய்க்கொண்டிருந்தபோது டேனரிகள் ஓய்வில்லாமல் ஓடின. வேலை விட்டு வருகிறவர்கள் எல்லாரும் அந்தத் தெருவுக்குத்தான் போவார்கள். ஒரு முனையில் டூரிங் சினிமாக் கொட்டகை, மறுமுனையில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும், நடுவே பிரியாணி, வறுத்த கறி, அவித்த கடலை. யுத்தம் முடிந்து ஆர்டர் நின்றது. பின்னாலேயே மதுவிலக்கு வந்து கள்ளுக்கடை போயிற்று. ஒரு பெருமழையில் கொட்டகை சாய்ந்து, அதன் முதலாளி வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் வேலையில் சேர்ந்தபோது அங்கே பூட்டிய தோல் கிடங்குகளும் கூரை விழுந்த கடைகளும்தான் இருந்தன. பொழுது சாய்ந்தால் பெண்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். ஆண்களும் வேகமாக நடந்து கடந்துவிடுவார்கள்.

அங்கே சர்பத் கடை வைக்க அனுமதி கேட்டு யூசுப் பாய் வந்தார். டேனரியில் தோல் சீவுகிற வேலை செய்தவர். டேனரி மூடியதில் வேலை போய்விட்டது. உயரமான ஆள், நாற்பது வயது இருக்கும். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார்.

"அந்தத் தெருவுலயா பாய்? இருட்டினா நாய்கூட வராதே" என்றேன்.

"வெளக்கு இருந்தா வரும் சார்" என்றார்.

நகராட்சி சுகாதார அதிகாரி டாக்டர் வெங்கடேசலு, எந்தக் கடைக்கு அனுமதி தருவதானாலும் நேரில் போய்ப் பார்ப்பார். குள்ளமானவர். தடித்த கண்ணாடி. குரல் உயராது. கடைக்காரர் ஆசையாக எடுத்துக் காட்டுகிற பாத்திரங்களை அவர் பார்க்கவே மாட்டார். "கிளாஸ் தொடைக்கிற துணியைக் கொண்டாங்க" என்பார். அதை வாங்கி மூக்கருகே வைத்து முகர்வார். பல கடைக்காரர்களுக்கு அந்த இடத்திலேயே வியர்த்துவிடும்.

சர்பத் பாகு காய்ச்சுவது வீட்டில் என்பதால் நாங்கள் யூசுப் பாயின் வீட்டுக்கும் போனோம். வாசலில் திரை தொங்கியது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தேன்.

"அண்ணே, காலைக் கழுவிக்கினு வாங்க. பாகு எறக்கியிருக்கு" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

யூசுப் பாய் பதறிவிட்டார். "ஜமீலா, சும்மா இரு. இன்ஸ்பெக்டர் சார் அவரு."

"இன்ஸ்பெக்டரா இருந்தா கால்ல மண்ணு ஒட்டாதா?"

டாக்டர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். முதலில் அவர் போய்க் கால் கழுவிக்கொண்டார், பிறகு நான். கொடியில் வெந்நீரில் அவித்த துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு டாக்டர், "சாமுவேல், இந்த வீட்ல நமக்கு வேலை இல்லை" என்றார்.

யூசுப் பாய் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு வாங்கி மாட்டினார். முதல் சில வாரம் அவரும் விளக்கும் மட்டும்தான் இருந்தார்கள். பிறகு ரயிலில் இருந்து இறங்குகிறவர்கள் வெளிச்சத்தைப் பார்த்து வந்தார்கள். நன்னாரி சர்பத் நன்றாக இருக்கிறது என்று பேச்சுப் பரவியது. அவருடைய விளக்கு வெளிச்சத்திலேயே ஒருவர் சுண்டல் கூடை இறக்கினார். அடுத்து ஒரு பிரியாணிக் கடை திறந்தது. பாதாம் பால் கடை, பீடாக் கடை வந்தன. டேனரிகளுக்கு மறுபடி வெளிநாட்டு ஆர்டர் வந்தது. கொட்டகை இருந்த இடத்தில் ஒருவர் ஓடு போட்டு டாக்கீஸ் கட்டினார். நகராட்சி மின்சாரக் கம்பம் நட்டது. அதற்குப் பிறகு தெரு மின்னியது என்றே சொல்ல வேண்டும். குடியாத்தத்து நெசவாளிகள் லுங்கி மூட்டையை வியாபாரியிடம் ஒப்படைத்துவிட்டுக் குடும்பத்தோடு படம் பார்க்க வந்தார்கள். ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து மணிலாக்கொட்டை விற்க வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்கள். முக்கியமாக, பெண்கள் வந்தார்கள். கள்ளுக்கடைக் காலத்தில்கூட அந்தத் தெரு அதைப் பார்த்ததில்லை. நானும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெபம் முடிந்ததும் என் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போவேன். யூசுப் பாய் என் மகனுக்கு மட்டும் சர்பத்தில் சப்ஜா விதையை ஒரு கரண்டி ஜாஸ்தி போடுவார்.

ஐஸ் வந்தது அதற்குப் பிறகு. மரத்தூளில் புதைத்துச் சாக்கில் சுற்றிய பாளம் ரயிலில் வந்து இறங்கும். அந்த ஊரில் பலர் ஐஸைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். கையில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு, குளிர் தாங்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு சிரிப்பார்கள். மற்ற கடைகளெல்லாம் பானைத் தண்ணீரோடு நிற்க, யூசுப் பாய் கடையில் மட்டும் கூட்டம் நெருக்கியது.

அடுத்த வருஷக் கோடையில் பாலாறு முழுக்க வறண்டது. நடுவில் இரண்டு நாள் பேய்மழை பெய்து சாக்கடைகள் பொங்கி வழிந்து, மறுபடி வெயில் அடித்தது. அந்த மழைக்குப் பின் காலரா வந்தது.

முதலில் இறந்தது டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்த முனுசாமி என்ற வாலிபன். காலையில் வாந்தி ஆரம்பித்து மாலைக்குள் போய்விட்டான். அடுத்தடுத்து வேறு தெருக்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த தொற்றுநோய்க் கொட்டகையில் கயிற்றுக் கட்டில்கள் போட்டோம். நடுவில் ஓட்டை போட்ட கட்டில், கீழே சுண்ணாம்பு கொட்டிய வாளி. நரம்பில் உப்புநீர் ஏற்றப் போதுமான புட்டிகள் இல்லை. வேலூரிலிருந்து வாங்கிவர ஆள் போனார். ரயில் நிலையத்தில் வருவோர் போவோருக்கெல்லாம் ஊசி போட்டோம். குடிக்கிற கிணறு ஒவ்வொன்றிலும் பிளீச்சிங் பவுடர் கரைத்து விட்டோம்.

நோயாளிகள் எல்லாரும் கொட்டகைத் தெருவுக்குப் போனவர்கள் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. பிரியாணிதான் காரணம், கெட்ட கறி போட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசியது. நகராட்சியில் அவசரக் கூட்டம் போட்டுப் பிரியாணிக் கடைக்காரர்களைக் கடையை மூட வைத்தார்கள். ஆனால் நோயாளிகள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

டாக்டர் கேள்வி கேட்கும் விதத்தை அப்போதுதான் முழுமையாகப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காருவார். நோயாளி பேசும்போது எதையும் எழுதமாட்டார். "நேத்து வூட்ட வுட்டுக் கெளம்புனதுலேருந்து சொல்லு. தாகம் எப்ப எடுத்துச்சு? யார் கையால வாங்கிக் குடிச்ச?" என்று பக்கத்து வீட்டுக்காரரைப்போல விசாரிப்பார். பிறகு எழுந்துபோய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே பயத்தோடு நிற்கிற உறவினர்களிடம் வருவார். அவர்களிடம்தான் அதிக நேரம் நிற்பார்.

"சாமுவேல், நோய் வந்தவங்களையே கேட்டுக்கிட்டிருந்தா வழி தெரியாது. கூடப் போயும் நோய் வராம தப்பிச்சவங்களைக் கேளு" என்றார்.

குடியாத்தத்திலிருந்து படம் பார்க்க வந்த ஒரு நெசவாளிக் குடும்பம் தொற்றுநோய்க் கொட்டகையில் கிடந்தது. கணவன், மனைவி, கணவனின் தம்பி மூவருக்கும் நோய். அவர்களோடு வந்த மாமனாருக்கு மட்டும் ஒன்றுமில்லை. டாக்டர் அந்தப் பெரியவரை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துக் கேட்டார்.

"பிரியாணி சாப்ட்டீங்களா?"

"அவங்களவிட ஜாஸ்தி சாப்ட்டேன் சாமி."

"தண்ணி?"

"அதே பானையிலதான் குடிச்சேன்."

"சர்பத்து?"

"குடிச்சேன். ஐஸ் மட்டும் வாணான்னுட்டேன். எனக்குப் பல்லு கூசும்."

டாக்டர் கொஞ்ச நேரம் அந்தப் பெரியவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை என் மகனுக்கு ஜுரம் என்று நாங்கள் அந்தத் தெருவுக்குப் போகவில்லை.

ஆனால் அந்த ஐஸ் எங்கள் ஊருக்கு மட்டும் வரவில்லை. அதே ரயிலில் அதே தொழிற்சாலை ஐஸ் மற்ற ஊர்களுக்கும் போனது. டாக்டர் என்னைப் பள்ளிகொண்டாவுக்கு அனுப்பினார். அங்கே அதே ஐஸைப் போட்டுச் சோடா விற்றுக்கொண்டிருந்தார்கள்; ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அப்படியானால் கெடுதல் எங்கள் ஊரில் இறங்கிய பிறகுதான் சேர்ந்திருக்கிறது.

நான் திரும்பி வந்து சைக்கிளை நேராக யூசுப் பாய் வீட்டுக்கு மிதித்தேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வெளியே வந்து, "ஜமீலாக்காவுக்கு விடிகாலைல வாந்தியும் பேதியும் புட்டுக்கிச்சு சார். வண்டி கட்டிக்கினு காலராக் கொட்டகைக்கு இட்டுக்கினு போய்ட்டாரு" என்றாள்.

நான் ஐஸைப் பற்றிக் கேட்டேன். அவள் என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். மூடிக் கிடந்த ஒரு தோல் கிடங்கின் மதில் இடிந்திருந்தது. உள்ளே ஒரு கிணறு. தோலின் உப்பு ஊறி ஊறி அந்தத் தண்ணீர் கரித்துப் போயிருந்தது. யாரும் குடிப்பதில்லை. அதனால் நாங்கள் மருந்து போட்ட கிணறுகளில் அது சேரவும் இல்லை.

"பாளம் வந்தா மேல மரத்தூளு அப்பிக்கினு இருக்கும் சார். அக்காதான் இங்க வெச்சு நல்லா ஊத்தி ஊத்திக் கழுவும். ஒரு தூளு இருக்கக் கூடாது அதுக்கு. நல்ல தண்ணி ரயில்வே கொழாயிலேருந்து செமக்கணும்ல, அத இதுக்கு வேஸ்ட் பண்ணுவாங்களா?"

கிணற்றை ஒட்டித் தெருச் சாக்கடை உடைந்திருந்தது. மழைவெள்ளம் உள்ளே இறங்கிய தடம் சுவரில் கறுப்பாகத் தெரிந்தது. புட்டியில் தண்ணீர் எடுத்து மூடினேன். சென்னையில் சோதித்துப் பதில் வரும்வரை காத்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். கிணற்றின் மேல் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டுத் தொற்றுநோய்க் கொட்டகைக்குப் போனேன்.

ஜமீலா இறந்து சற்று நேரம் ஆகியிருந்தது. அந்த அம்மாளின் முகத்தை நான் முதல் தடவையாகப் பார்த்தது அப்போதுதான். கண்கள் குழிந்து, உதடு வறண்டு, யாருடைய முகமோபோல இருந்தது. யூசுப் பாய் வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தார். நான் கிணற்றைப் பற்றி டாக்டரிடம் தனியே சொன்னேன். அவர் கையைக் கழுவினார். கழுவி முடித்தவர் மறுபடியும் ஒரு தடவை கழுவினார். பிறகு போய் யூசுப் பாய்க்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"பாய், உங்க கடையை மூடணும்."

யூசுப் பாய் நிமிர்ந்து பார்த்தார். "என் சர்பத்தா சார்?"

"சர்பத் இல்ல. ஐஸ் கழுவுன தண்ணி. கெடங்குக் கெணறு."

யூசுப் பாயின் மச்சான் ஜனாஸா அடக்கத்துக்கு ஏற்பாடு செய்ய ஊருக்குள் ஓடியிருந்தார். உள்ளே யாரோ தண்ணீர் கேட்டு முனகினார்கள்.

"அவதான் சார் கழுவுவா" என்றார் யூசுப் பாய். "நான் கழுவுனா சுத்தம் பத்தாதுன்னு என்னக் கிட்ட சேக்க மாட்டா."

"அந்தத் தண்ணியில கிருமி இருக்குன்னு அவங்களுக்குத் தெரிய வழியே இல்ல, பாய். ஊர்ல இருக்கிற கெணத்தையெல்லாம் பாக்கிற எனக்கே தெரியல."

"கழுவும்போது ஒடையிற சில்லு ரெண்டு வாயில போட்டுக்குவா. வெயிலுக்கு எதமா இருக்குன்னுவா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் கடைக்குச் சீல் வைக்கப் போனேன். பூட்டின் மேல் துணி சுற்றி, நூல் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, ஈரமாக இருக்கும்போதே முத்திரையை அழுத்த வேண்டும். அதற்குள் செய்தி பரவிக் கூட்டம் கூடிவிட்டது. முனுசாமியின் அண்ணன் கையில் கல்லோடு நின்றான். என் தீக்குச்சி காற்றில் அணைந்து அணைந்து போயிற்று. யூசுப் பாய்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இரண்டு கையையும் குவித்து நெருப்புக்கு மறைப்பாகப் பிடித்தார். அரக்கு உருகி அவர் விரலில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

முத்திரை வைத்து முடித்ததும் அவர் திரும்பி முனுசாமியின் அண்ணனைப் பார்த்தார். "உங்க அம்மா வூட்ல இருக்காங்களா? நான் வந்து சொல்லணும்" என்றார்.

"இன்னா சொல்லுவ?"

"எங்க வூட்டு ஐஸாலதான்னு."

அவன் கல்லைக் கீழே போட்டுவிட்டு அழத் தொடங்கினான். யூசுப் பாய் அவனோடு நடந்து போனார். அன்றும் மறுநாளும் இறந்தவர்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் போனார். போக வேண்டாம் என்று நான் தடுத்தேன், டாக்டரும் சொன்னார், அவர் கேட்கவில்லை. ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு வீட்டில் அடித்துவிட்டார்கள். முனுசாமியின் அம்மா மட்டும், "உன் பொண்டாட்டியும் பூட்டாளாமே. நீ இன்னா பண்ணுவ" என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாளாம். கேட்ட செய்தி இது. அவர் வாயால் எங்களிடம் எதுவும் சொன்னதில்லை.

கிணற்றைப் பலகைக் கல்லால் மூடினோம். அத்தோடு நோய் அடங்கியது. தெரு பழையபடி இருட்டாயிற்று. டாக்கீஸ்காரர் மட்டும் படத்தை ஓட்டிப் பார்த்தார். வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால் படம் ஓடியது.

சில வாரங்கள் கழித்து யூசுப் பாய் ஆபீசுக்கு வந்தார். சர்பத் கடை அனுமதியைப் புதுப்பிக்க வருகிறார் என்று நினைத்தேன்.

"கெணத்துக்கு மருந்து போடுற வேல எதுனா இருந்தா குடுங்க சார்" என்றார்.

"அது கூலி ரொம்பக் கம்மி, பாய்."

"இருக்கட்டும் சார்."

டாக்டர் அவரைத் தினக்கூலியாக எடுத்துக்கொண்டார். வேலையை அவரே கிணற்றடியில் நின்று காட்டிக் கொடுத்தார். பவுடரை முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைக்க வேண்டும். பிறகு வாளி நிறையத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றிக் கிணற்றில் இறக்கி, மேலும் கீழுமாக, பக்கவாட்டில், எல்லா மூலையிலும் அலைக்க வேண்டும். ஒரு மணி நேரம் யாரையும் இறைக்க விடக்கூடாது. கடைசியில் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சோதனை மருந்து விட்டால் மஞ்சளாக மாற வேண்டும். மற்ற ஆட்கள் பவுடரை அப்படியே கொட்டிவிட்டுப் போவார்கள். யூசுப் பாய் அந்த ஒரு மணி நேரமும் கிணற்றடியை விட்டு நகரமாட்டார். குடத்தோடு வருகிற பெண்களிடம், "கொஞ்சம் பொறும்மா" என்பார். "பாய், நாத்தம் அடிக்குது" என்று அவர்கள் திட்டுவார்கள். குடிக்காத கிணறுகளையும் அவர் விட்டதில்லை. மாட்டைக் கழுவுகிற கிணறு, பாழடைந்த வீட்டுக் கொல்லைக் கிணறு எல்லாவற்றிலும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் சொல்லுவார்.

அடுத்த வருஷம் நகராட்சி கொட்டகைத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டு வந்தது. சாக்கடையைக் கல் பாவி மூடினார்கள். கடைகளை மறுபடி திறக்க ஒரு மாலையில் விழா ஏற்பாடாயிற்று. வாழைமரம் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, மந்திரியைக் கூப்பிட்டிருந்தார்கள். இருட்டிக் கிடந்த தெருவில் முதல் விளக்கை மாட்டியவர் யூசுப் பாய்தான் என்று சேர்மனுக்கு நினைவிருந்தது. அவரை மேடைக்கு அழைத்துவந்து மாலை போட வேண்டும் என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்.

நான் தேடிக்கொண்டு போனேன். ஊரின் மறுகோடியில், வண்ணார் தெருக் கிணற்றில் குனிந்து அவர் வாளியை அலைத்துக்கொண்டிருந்தார். கை முழுக்கச் சுண்ணாம்பு. அங்கேயும் ஒலிபெருக்கிப் பாட்டு மெல்லக் கேட்டது.

"பாய், சேர்மன் கூப்பிடறாரு. எல்லாரும் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

அவர் வாளியை மேலே இழுத்துக் கிணற்றுச் சுவரில் வைத்தார். பாட்டு வந்த திசையில் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஜனங்க வந்திருக்காங்களா சார்?"

"தெரு கொள்ளல பாய்."

"பொம்பளைங்க?"

"வந்திருக்காங்க. என் சம்சாரம்கூட வந்திருக்கா."

"நல்லது சார்" என்றார். முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது, உடனே கலைந்துவிட்டது. "நீங்க போங்க. எனக்கு இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு கெணறு பாக்கி இருக்கு."

அவர் வாளிகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த கிணற்றுக்கு நடந்தார். கிணற்றடியில் விட்டுப்போன கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நானும் அவர் பின்னால் போனேன்.